மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு எடை மட்டும் பார்த்தால் போதாது: அளப்பது, ஊட்டுவது, அலைவது பற்றி ஒரு வழிகாட்டி

என் மகளுக்கு மூன்றே கால் வயதானபோது எடை 9.8 கிலோ. அங்கன்வாடி அட்டையில் அவள் புள்ளி சிவப்புப் பட்டையில் விழுந்தது. போன இடமெல்லாம் ஒரே பேச்சு: "நல்லா சாப்பாடு குடுங்கம்மா." என்ன சாப்பாடு, எவ்வளவு, எப்படி உட்கார வைத்து ஊட்டுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் தெரிந்ததைச் செய்தேன். சாதத்தில் நெய், பாலில் சர்க்கரை, விளம்பரத்தில் வரும் பவுடர், மாலையில் ரஸ்க். ஆறு மாதத்தில் 11.9 கிலோ ஆனாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கழுத்து அதே தளர்ச்சியில்தான் இருந்தது. தூக்கி இறக்குவது மட்டும் முன்பைவிடச் சிரமமாகிவிட்டது. ஏன் என்பது பிறகுதான் புரிந்தது.

உங்கள் குழந்தைக்கு இப்போதுதான் சிபி (செரிப்ரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம்) என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால், நான் இரண்டு வருடம் அலைந்து தெரிந்துகொண்டதை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். மருந்தும் பரிசோதனையும் உங்கள் டாக்டர் சொல்படிதான். அவரிடம் என்ன கேட்பது, என்ன கொண்டுபோவது என்பதற்குத்தான் இது.

1. முதலில் விழுங்குவதைப் பாருங்கள், அளவு அப்புறம்

எவ்வளவு ஊட்டுவது என்ற கேள்விக்கு முன்னால், ஊட்டுவது வயிற்றுக்குத்தான் போகிறதா என்ற கேள்வி இருக்கிறது. நாங்கள் மகளை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, பாலாடையில்தான் ஊட்டுவோம். இரண்டாவது பாலாடையிலேயே கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். தொண்டைக்குள் ஈரமாக ஒரு கரகரப்பு கேட்கும். "புரை ஏறிடுச்சு" என்று உச்சந்தலையில் தட்டிவிட்டு மறுபடி ஊற்றுவோம். அந்த வருடம் மூன்று முறை நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பாலுக்கும் அந்தச் சளிக்கும் தொடர்பு இருந்தது யாருக்கும் தோன்றவில்லை.

சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக மாறுவது, முகம் வெளிறுவது, அடிக்கடி நிமோனியா. இதில் ஒன்று இருந்தாலும் விழுங்குதலைப் பார்க்கத் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். பேச்சு வராததற்குத்தான் அவரிடம் போவது என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்குவதைப் பார்ப்பதும் அவர் வேலைதான். தேவைப்பட்டால் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, விழுங்கும்போதே எக்ஸ்ரேயில் ஓட விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு எழுதுவார். சில குழந்தைகளுக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போகும். அதனால் "இருமல் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது: மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டவே கூடாது. முதுகு நிமிர்ந்து, இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதத்துக்குக் கீழே ஒரு தாங்கலோடு உட்கார வையுங்கள். தலை பின்னால் சாயாமல், முகவாய் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும். அதனால் அதன் கண் மட்டத்துக்கு நீங்கள் உட்காருங்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் புகட்டுவது, சளிக்கு மூக்கில் எண்ணெய் விடுவது இரண்டும் நம் வீடுகளில் உண்டு. விழுங்கத் தடுமாறும் குழந்தைக்கு அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் எண்ணெய் நிமோனியா வரும். அது லேசில் ஆறாது. பெரியவர்கள் அன்போடுதான் செய்கிறார்கள். என் அத்தையிடம் நான் வாயால் சொன்னது எடுபடவில்லை. டாக்டரை அவர்களிடமே நேரில் சொல்ல வைத்தேன், அன்றோடு நின்றது.

2. மூன்று நாள் நோட்டு

டயட்டீஷியனைப் பார்க்கப் போவதற்கு முன் மூன்று நாள் எழுதுங்கள். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். என்ன உணவு, எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு, எவ்வளவு துப்பியது, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், இருமியதா, மலம் போனதா. "கொஞ்சம் இட்லி" என்று எழுதாதீர்கள். "ஒன்றரை இட்லி ஊட்டினேன், அரை இட்லி வெளியே வந்தது" என்று எழுதுங்கள்.

நேரம் எழுதுவதுதான் இதில் முக்கியம். ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் அதுவே ஒரு அறிகுறி. என் நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் நான் ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவளுக்கும் களைப்பு, எனக்கும் களைப்பு, பிசியோவுக்கு நேரமே இல்லை. அந்தப் பக்கத்தைக் காட்டிய பிறகுதான் எதிரில் இருந்தவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

3. எடை

நிற்க முடியாத குழந்தையை நீங்கள் தூக்கிக்கொண்டு எடைபார்த்து, பிறகு உங்கள் எடையைக் கழிக்க வேண்டும். 100 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் டிஜிட்டல் மெஷின் வேண்டும். முள் மெஷின் வேண்டாம். எப்போதும் ஒரே மெஷின், காலையில், மலம் போன பிறகு, மெல்லிய உடையோடு. காலில் போடும் ஸ்பிளிண்டைக் கழற்றிவிடுங்கள். ஒருமுறை ஸ்பிளிண்டோடு போட்ட எடையை நம்பி இரண்டு மாதம் நான் நிம்மதியாக இருந்தேன். நாங்கள் மெஷினை 900 ரூபாய்க்கு வாங்கினோம். வாங்க வேண்டும் என்றில்லை, அங்கன்வாடியில் ஐந்து வயது வரை மாதாமாதம் எடை போடுவார்கள். அங்கேயே தவறாமல் போங்கள்.

4. உயரம்: முழங்கால் கணக்கு

கால் இறுக்கமாக இருக்கும் குழந்தையைப் படுக்க வைத்து இழுத்து அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வரும். எங்களுக்கு ஒரே மாதத்தில் 84, 91 என்று இரண்டு உயரம் எழுதிக் கொடுத்தார்கள். உயரம் தப்பானால், அதை வைத்துப் போடும் எல்லாக் கணக்கும் தப்பு.

அதற்கு முழங்கால் உயரம் என்று ஒரு வழி இருக்கிறது. முழங்காலையும் கணுக்காலையும் செங்கோணத்தில் மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முழங்காலுக்கு மேல் தொடையின் மேற்பரப்பு வரை அளக்க வேண்டும். பாதிப்பு குறைந்த பக்கத்தில் அளக்க வேண்டும். சென்டிமீட்டரில் வரும் எண்ணை 2.69 ஆல் பெருக்கி 24.2 ஐக் கூட்டினால் ஏறத்தாழ உயரம். என் மகளுக்கு 24 செ.மீ. வந்தது. 24 × 2.69 = 64.6. அதோடு 24.2 கூட்டினால் 88.8 செ.மீ. இந்தக் கணக்கு 2 முதல் 12 வயது வரை உள்ள சிபி குழந்தைகளை அளந்து உருவாக்கியது. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்க வைத்து அளக்கும் பலகையில் இரண்டு பேர் பிடித்து அளக்க வேண்டும்.

5. கையை அளப்பது: இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்

எடை என்பது எலும்பு, தசை, கொழுப்பு, நீர் எல்லாம் சேர்ந்தது. நடக்காத குழந்தைக்குத் தசை குறைவாகத்தான் வளரும். அதனால் எடை குறைவாகத் தெரியும். ஆனால் கொழுப்பு போதுமானதாகவே இருக்கலாம். எடை சரியாகத் தெரிகிற குழந்தைக்கு உள்ளே தசை குறைந்து கொழுப்பு கூடியும் இருக்கலாம். எடை மெஷினால் இதைச் சொல்லவே முடியாது.

இதை அளக்க இரண்டு பொருள் போதும்: ஒரு டேப், ஒரு தோல் மடிப்பு கேலிப்பர். தோள் எலும்புக்கும் முழங்கை நுனிக்கும் சரிபாதியில் ஒரு புள்ளி வைப்பார்கள். அந்த இடத்தில் டேப்பால் கைச் சுற்றளவு எடுப்பார்கள். பிறகு கையின் பின்பக்கம், அதே மட்டத்தில், தோலையும் அதற்கடியில் உள்ள கொழுப்பையும் இரண்டு விரலால் தசையிலிருந்து பிரித்துத் தூக்கி, கேலிப்பரால் கவ்விப் படிப்பார்கள். வலிக்காது. மூன்று முறை எடுத்து சராசரி பார்ப்பார்கள்.

சுற்றளவிலிருந்து, தோல் மடிப்பை 3.14 ஆல் பெருக்கிக் கழித்தால் வருவது தசையின் சுற்றளவு. இரண்டையும் சென்டிமீட்டரில் போட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

என் மகளின் முதல் பரிசோதனையில் யாரோ குறித்து வைத்த எண்கள் ஃபைலிலேயே இருந்தன: சுற்றளவு 13.6 செ.மீ., தோல் மடிப்பு 7 மி.மீ. ஆறு மாதம் கழித்து ஒரு டயட்டீஷியன் மறுபடி அளந்தார்: 15.0 செ.மீ., 11.5 மி.மீ. பேப்பரில் என் முன்னாலேயே கணக்குப் போட்டார். அன்று 13.6இல் 2.2 போனால் 11.4. இன்று 15.0இல் 3.6 போனால் 11.4. கை ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் பருத்திருந்தது. தசை கூடவே இல்லை. "நீங்க ஏத்தின ரெண்டு கிலோவும் எங்க போயிருக்கு பாருங்கம்மா" என்றார். அவர் திட்டவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

தோல் மடிப்பு அந்த வயதுக்கு உரிய அட்டவணையில் 10ஆம் சதமானத்துக்குக் கீழே (அதாவது நூறு குழந்தைகளில் மிகக் குறைந்த பத்துப் பேருக்குள்) இருந்தால் உண்மையிலேயே சாப்பாடு போதவில்லை என்று பொருள். வயதுக்குரிய எடை மிகவும் கீழே இருப்பது, படுத்த இடத்தில் புண் வருவது, கை கால் எப்போதும் சில்லிட்டு இருப்பது, எடை ஏறாமல் நிற்பது ஆகியவையும் எச்சரிக்கைகள். இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்து இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொரு பொறி. சிபி குழந்தைகளுக்கென்றே தனி வளர்ச்சி அட்டவணை உண்டு. கலிபோர்னியாவின் பதிவுகளை வைத்து 2011இல் வெளியானது. ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற ஐந்து நிலைப் பகுப்பின்படி பிரித்திருப்பார்கள். முதல் நிலை தானே நடக்கும் குழந்தை, ஐந்தாம் நிலை தலை நிற்பதே சிரமமான குழந்தை. அந்த அட்டவணை, அங்குள்ள குழந்தைகள் எப்படி இருந்தார்கள் என்று காட்டுமே தவிர, எப்படி இருக்க வேண்டும் என்று காட்டாது. அந்தக் குழந்தைகளிலும் பலர் சரியான ஊட்டம் இல்லாதவர்கள். ஊட்டக்குறைவைக் கண்டுபிடிக்க அதை நம்ப வேண்டாம் என்று ஐரோப்பியக் குழந்தைகள் இரைப்பைக் குடல் மருத்துவ அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. "சிபி சார்ட்ல நார்மல்தான்" என்று யாராவது சொன்னால், தோல் மடிப்பையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

6. என்ன ஊட்டுவது

நடக்காத குழந்தைக்கு, அதே வயதுக் குழந்தைக்குத் தேவையான கலோரியில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதமே போதுமானதாக இருக்கும். ஆனால் புரதம், கால்சியம், இரும்புத் தேவை அப்படிக் குறைவதில்லை. நம் சிரமமே இங்கேதான். குறைந்த அளவு உணவுக்குள் இவை எல்லாம் வர வேண்டும். சர்க்கரையும் ரஸ்க்கும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டால் மற்றதற்கு இடமே இல்லை. இதற்கு நேர்மாறாக, கை கால் ஓயாமல் முறுக்கி அசையும் குழந்தைகளும், உண்மையிலேயே மெலிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ கூடுதலாகத் தேவைப்படும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்பது சுமார் 40 கலோரி. உங்கள் குழந்தை எந்தப் பக்கம் என்பதை ஐந்தாவது படியில் எடுத்த அளவுதான் சொல்லும். பக்கத்து வீட்டுக்காரர் கண் சொல்லாது.

எங்களுக்கு ஒத்து வந்தது: காலையில் கேழ்வரகுக் கூழ். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கூழ் கெட்டியாக இருப்பதால் தண்ணீரைவிட மெதுவாக இறங்கும், புரை ஏறுவது குறையும். மதியம் பருப்பு கூடுதலாகப் போட்டு, முருங்கைக்கீரையோ கேரட்டோ சேர்த்துக் குழைத்த சாதம். ஒரு முட்டை தினமும். அதில் 6 கிராம் அளவுக்குப் புரதம். நன்றாக வெந்த மஞ்சள்கருவைத் தயிரில் மசித்தால் தொண்டையில் ஒட்டாது. மாலையில் வாழைப்பழம். அங்கன்வாடி சத்துமாவையும் கூழாகக் காய்ச்சிக் கொடுத்தோம்.

எல்லாவற்றையும் மிக்ஸியில் தண்ணீராக அடிக்காதீர்கள். மெல்லிய குழம்பாக இருந்தால் கலோரியும் குறையும், புரையும் ஏறும். ஸ்பூனைச் சாய்த்தால் சொட்டாமல், மெதுவாகச் சரிந்து விழும் பதம் எங்களுக்குச் சரியாக இருந்தது. உங்கள் குழந்தைக்கு எந்தப் பதம் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்ல வேண்டும். ஸ்பூன் தட்டையாக, சிறியதாக இருக்கட்டும். உலோக ஸ்பூனைக் கடித்துக்கொள்ளும் குழந்தைக்கு சிலிக்கான் ஸ்பூன் நல்லது.

தண்ணீர் பெரும்பாலும் மறந்துபோகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு உணவில் இருப்பதையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வேண்டும். குழந்தை தானாகக் கேட்காது, கேட்கவும் தெரியாது.

7. ரத்தம், எலும்பு, மலம்

வருடத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், இரும்பு, கால்சியம், வைட்டமின் டி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெயிலே படாமல் உள்ளே இருக்கும் குழந்தை, காலில் பாரம் இறங்காத குழந்தை, வலிப்புக்கு ஃபீனோபார்பிடோன், ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் போன்ற மருந்து எடுக்கும் குழந்தை ஆகியோருக்கு எலும்பு மெலிய வாய்ப்பு அதிகம். அதற்காக வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் பல பரிசோதனைகள் இலவசம். வைட்டமின் டி வெளியில் எழுதினால் எங்களுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டியது.

மலச்சிக்கல் இருந்தால் பசி இருக்காது, வாந்தி கூடும், கை கால் இறுக்கமும் கூடும். அதைச் சரிசெய்யாமல் சாப்பாட்டைக் கூட்டிப் பயனில்லை. பல் சொத்தையும் அப்படித்தான். சாப்பிட மறுக்கும் குழந்தையின் வாயைத் திறந்து பாருங்கள்.

8. டியூப் என்று சொன்னால்

மூக்கு வழிக் குழாய் சில வாரங்களுக்கான ஏற்பாடு. அதற்கு மேல் தேவைப்படும் என்றால் வயிற்றில் சிறு துளையிட்டு வைக்கும் குழாயைப் பற்றிப் பேசுவார்கள். கேட்டதும் நெஞ்சு பதறும். வாயால் சாப்பிடுவதே போய்விடும் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பாக விழுங்க முடிகிற அளவை ருசிக்காக வாயாலும் கொடுக்க அனுமதிக்கும் குழந்தைகள் உண்டு. போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை: குழாய் மாற்ற எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், மாற்றும் குழாய்க்கு என்ன செலவு, இரவில் கழன்றுவிட்டால் எங்கே போவது, வீட்டு உணவைக் கரைத்து விடலாமா, எதிர்க்களிப்புக்கும் (வயிற்றில் உள்ளது மேலேறி வருவதற்கும்) மருந்து வேண்டுமா. குழாய் போட்ட பிறகு நடக்காத குழந்தைக்குக் கொழுப்பு வேகமாக ஏறும். அதனால் தோல் மடிப்பை முன்பைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

9. எங்கே போவது, என்ன காகிதம், என்ன செலவு

முதலில் உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ உள்ள தொடக்க நிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் நடப்பது, 18 வயது வரை இலவசம். டீஈஐசி என்று சொன்னால் தெரியும். பிசியோ, ஸ்பீச், டாக்டர் ஒரே இடத்தில் இருப்பார்கள். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், சென்னையில் வித்யாசாகரும், தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் சிபி குழந்தைகளோடு நெடுநாளாக வேலை செய்கின்றன.

யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனில் ஸ்வாவலம்பன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. குழந்தையின் ஆதார், போட்டோ, முகவரிச் சான்று, கையெழுத்து அல்லது கைரேகை தேவை. பிறகு அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு உட்காரும் நாளில் குழந்தையோடு போக வேண்டும். எந்தக் கிழமை என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் போய் இரண்டு முறை திரும்பி வந்தேன், ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்கு 400 ரூபாய். சிறு குழந்தைக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். காலாவதித் தேதியை அன்றே காலண்டரில் எழுதிவிடுங்கள்.

கையில் சான்றிதழ் வந்ததும் இரண்டு விண்ணப்பம். ஒன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. இரண்டு, தேசிய அறக்கட்டளையின் (நேஷனல் டிரஸ்ட்) நிரமயா என்ற மருத்துவக் காப்பீடு. வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை, சிபி குழந்தைகளும் இதில் சேரலாம். சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. தெரபி, புறநோயாளிச் செலவுகளுக்கும் இதில் ஒரு அளவு வரை இடம் உண்டு. காப்பீட்டு ஆண்டு மார்ச்சில் முடிகிறது. ஏப்ரலுக்கு முன் புதுப்பிக்காமல் விட்டால் இடையில் வரும் செலவு உங்கள் தலையில்தான். ரசீதில் குழந்தையின் பெயர் அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியல் மாறியதால் எங்கள் ரசீது ஒன்று திரும்பி வந்தது.

பவுடர்களுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். மாதம் 1,400 ரூபாய் வரை நான் செலவழித்தேன். அதே பணத்தில் முட்டையும் பயறும் பாலும் மீன்காரம்மாவிடம் சின்ன மீனும் வாங்கியிருக்கலாம். டாக்டர் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தால் அது வேறு.

10. எந்த இடைவெளியில்

எடை மாதம் ஒருமுறை. முழங்கால் உயரம், கைச் சுற்றளவு, தோல் மடிப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது. கைக்குழந்தை என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முடிந்தால் ஒரே ஆள், ஒரே கேலிப்பர். வெவ்வேறு கை அளந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறிவிடும்.

எல்லா எண்களையும் ஒரே தாளில், தேதி போட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகும்போது குழந்தை வழக்கமாகச் சாப்பிடும் ஸ்பூன், கிண்ணம், ஒரு டப்பாவில் அன்றைய சாப்பாடு மூன்றையும் எடுத்துக்கொண்டு, குழந்தைக்குப் பசி வரும் நேரத்தில் போங்கள். ஐந்து நிமிடம் அங்கேயே ஊட்டிக் காட்டுகிறேன், பாருங்கள் என்று கேளுங்கள்.